மெடீவல் 2 (டோட்டல் வார் கேம்) எஞ்சினில் கி.மு. 209 புல்வெளி மாட் (கேமை மாற்றிச் செய்யும் பதிப்பு): சியோங்னு, யூச்சி, சகர் ஃபேக்ஷன்களை (ஆடும் தரப்புகளை) எப்படி அமைக்கலாம்?

புல்வெளி_பயணி:
காஸ்பியன் கடலிலிருந்து ஒர்டோஸ் (மஞ்சள் ஆற்று வளைவு) வரை மேப் தயார். தொடக்கம் கி.மு. 209, வருடத்துக்கு 2 டர்ன். அந்த ஒரே வருடத்தில் மேப்பின் இரண்டு ஓரமும் கொதித்துக்கொண்டிருக்கிறது. கிழக்கே மொடு தன் அப்பா தூமானைக் கொன்று சியோங்னுவின் சான்யூ, அதாவது தலைமை அரசர், ஆகிறார், சின் பேரரசில் சென் ஷெங் கிளர்ச்சி வெடிக்கிறது. மேற்கே செலூசிட் அரசர் மூன்றாம் ஆன்டியோகஸ் பார்த்தியாவுக்குள் நுழைந்து அதன் அரசர் இரண்டாம் அர்சாசிஸை மடக்குகிறார். 208ல் ஏரியஸ் ஆற்றங்கரையில் பாக்திரிய அரசர் யூதிடெமஸின் 10,000 குதிரைப்படையுடன் மோதல், பிறகு பாக்திரா முற்றுகை, 206ல் சமாதானம்.

ஃபேக்ஷன் பட்டியல்: சியோங்னு, தோங்ஹு, யூச்சி, வூசுன், சகர், காங்ஜு, தாயுவான், பாக்திரியா, பார்த்தியா, செலூசிட், சின்/ஹான். எஞ்சின் வரம்பு ரெபலையும் (எந்தத் தரப்பிலும் சேராத ஊர்கள், படைகள்) சேர்த்து 31. எண்ணிக்கை பிரச்சினை இல்லை.

பிரச்சினை மூன்று. ஏஐ கையில் இருக்கும் நாடோடி ஃபேக்ஷன்கள் 40 டர்னுக்குள் காணாமல் போகின்றன. யூச்சி இடம்பெயர்வதே இல்லை. யூனிட் பட்டியலைப் பார்த்தால் எல்லாரும் ஒரே குதிரை வில்லாளி, சட்டையின் நிறம் மட்டும் வேறு. யோசனை சொல்லுங்கள்.

ஸ்கிரிப்ட்_சித்தன்:
முதல் பிரச்சினைக்குக் காரணம் ஆட்டோ ரிசால்வ், ப்ரோ, அதாவது சண்டையை ஆடாமல் கேமே கணக்குப் போட்டு முடிப்பது. ஏஐயும் ஏஐயும் மோதும் சண்டை எல்லாம் அதில்தான் முடிகிறது. ஓடிக்கொண்டே எய்வது, வட்டமிடுவது, பின்வாங்கி மறுபடி வருவது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. கைச்சண்டை மதிப்பும் கவசமும்தான் பேசும். கவசம் 1, கைச்சண்டை 5 வைத்த குதிரை வில்லாளி, நகரக் காலாட்படை முன்னால் காகிதம்.

பலர் உடனே போய் ஹெல்த்தை 2 ஆக்குவார்கள். அதைத் தொடாதீர்கள். ஆட்டோ ரிசால்வில் பிழைப்பார்கள், ஆனால் நீங்களே இறங்கி ஆடும் சண்டையில் சாகவே மாட்டார்கள். பதிலாக எண்ணிக்கையை ஏற்றுங்கள். ரெக்ரூட் பூலில் (படை சேர்க்கும் இருப்பில்) சாதாரண குதிரை வில்லாளிக்கு நிரம்பும் வேகம் 0.25, உச்சம் 4, அதாவது 4 டர்னுக்கு ஒரு யூனிட். கவசக் குதிரை வீரருக்கு 0.04, உச்சம் 1, அதாவது 25 டர்னுக்கு ஒன்று. பராமரிப்பை நகரப் படையின் மூன்றில் ஒரு பங்காக வையுங்கள். தளபதியின் மெய்க்காப்பாளர் யூனிட்டுக்கு மட்டும் நல்ல கவசமும் கைச்சண்டையும் கொடுங்கள். ஒவ்வொரு படையிலும் ஒன்றிரண்டு அப்படி இருந்தாலே ஆட்டோ ரிசால்வ் தராசு ஓரளவு சமமாகும்.

கிங்ஸ் பர்ஸை (ஒவ்வொரு டர்னும் ஃபேக்ஷனுக்குத் தானாக வரும் பணம்) கண்டபடி ஏற்றினால் ஏஐ அந்தப் பணத்தில் கூலிப்படையை வாரிக்கொள்ளும். சியோங்னு படையில் கிரேக்க ஈட்டிக்காரர்கள் நிற்பார்கள். 3000க்கு மேல் போகாதீர்கள்.

ஆக்சஸ்_கரை:
எண்ணிக்கையை ஏற்றுவது சரி, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் ஏற்றக்கூடாது. ஹான் வம்ச வரலாற்றில் மேற்கு நாடுகள் பற்றிய பகுதியில் குடும்பம், தலை, போர்வீரர் என்று பிரித்தே கணக்கு இருக்கிறது. வூசுன்: 1,20,000 குடும்பம், 6,30,000 பேர், 1,88,800 வீரர். பெரிய யூச்சி: 1,00,000 குடும்பம், 4,00,000 பேர், 1,00,000 வீரர். காங்ஜு: 1,20,000 குடும்பம், 6,00,000 பேர், 1,20,000 வீரர். தாயுவான்: 60,000 குடும்பம், 3,00,000 பேர், 60,000 வீரர்.

இவை 209ஐவிடப் பிந்திய கணக்குகள். வூசுன் தவிர மற்றவை அழகாக உருட்டிய எண்கள் என்பதும் பார்த்ததும் தெரிகிறது. தொடக்க மக்கள்தொகையாக எடுக்க முடியாது, விகிதமாக எடுக்கலாம். வூசுனில் நூற்றுக்கு 30 பேர் போருக்கு வருகிறார்கள், யூச்சியில் 25, காங்ஜுவிலும் தாயுவானிலும் 20. சித்தன் சொன்ன 0.25ஐ யூச்சிக்கு வையுங்கள், வூசுனுக்கு 0.30, காங்ஜுவுக்கு 0.20. தாயுவானுக்கும் 0.20தான், ஆனால் அதில் பாதி காலாட்படையாக இருக்கட்டும். அது கோதுமையும் நெல்லும் விளைத்து, திராட்சை மது செய்து, எழுபதுக்கும் மேற்பட்ட மதில் ஊர்களில் வாழ்ந்த நாடு. அதை நாடோடிக் கலாசாரத்தில் போட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

சியோங்னுவுக்கு ஹான் கால வரலாற்றாசிரியர் சிமா சியான் தரும் எண் மூன்று லட்சத்துக்கு மேல் வில்லாளிகள். ஆனால் அது மொடு எல்லாரையும் சேர்த்துக் கட்டிய பிறகு. 209ல் அவரிடம் அவ்வளவு கிடையாது. தோங்ஹுவும் யூச்சியும் இரு பக்கமும் பலமாக இருந்தார்கள், மொடுவே யூச்சிகளிடம் பிணையாக இருந்தவர். தொடக்கத்தில் சியோங்னுவுக்கு 2 ஊர் போதும். ஒர்டோஸ் சின் கையில் இருக்கட்டும், ஏனென்றால் சின் தளபதி மெங் தியான் 215ல் அதைப் பிடித்துவிட்டார். அவர் 210ல் இறந்துவிட்டதால் காவல் மெலிவு: 3 யூனிட், தளபதி இல்லை. மீதியை ஏஐயே பார்த்துக்கொள்ளும்.

குதிரைக்குளம்பு:
வூசுனை எங்க வைக்கப் போறீங்க? போன வெர்ஷன்ல இலி பள்ளத்தாக்குல இருந்துச்சு, அது 209க்குப் பொருந்தாது. அவங்க அப்போ துன்ஹுவாங், சிலியான் பக்கம், யூச்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க, அதுவும் சின்ன கூட்டம். இலிக்கு வர்றது கிட்டத்தட்ட 132ல தான். அதுவரைக்கும் இலி சகர் கையில.

காங்ஜுவையும் முழு சுதந்திரமா விடாதீங்க. ஹான் தூதர் ஜாங் சியான் பார்த்தப்போ தெற்குல யூச்சிக்கும் கிழக்குல சியோங்னுவுக்கும் அடங்கி நடந்தாங்க. வாசல் ஸ்டேட்டஸ் (இன்னொருத்தருக்கு அடங்கின நாடு) எஞ்சின்லயே இருக்கு, பயன்படுத்தலாம்.

ஸ்கிரிப்ட்_சித்தன்:
இடம்பெயர்வுக்கு வருகிறேன். ஹோர்ட் (ஊரில்லாமல் மொத்தக் கூட்டமும் படையாக அலையும் நிலை) வசதி எஞ்சினிலேயே இருக்கிறது, ஃபேக்ஷன் கோப்பில் சில வரிகள் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு ஃபேக்ஷன் ஹோர்ட் ஆவது கடைசி ஊரை இழக்கும்போது மட்டும். உங்கள் மேப்பில் யூச்சிக்கு கான்சுவில் 4 ஊர். சியோங்னு ஒன்றைப் பிடிக்கிறது, இரண்டைப் பிடிக்கிறது, நாலாவதுக்கு வருமுன் சமாதானம் பேசிவிடுகிறது. பிறகு எங்கே இடம்பெயர்வது?

யூச்சிக்கு ஒரே ஊர் கொடுங்கள், மக்கள்தொகை 9000. ஒரு யூனிட்டுக்கு எத்தனை மக்கள் என்ற வரியில் 250 என்றால் ஊர் விழும்போது 36 யூனிட் கிளம்பும். மினிமம் 12, மேக்ஸிமம் 40 வையுங்கள். ஹோர்ட் நிலையில் பராமரிப்புச் செலவு இல்லை என்பதால் பணமில்லாமல் கலைந்துவிடும் பயம் இல்லை.

சகருக்கும் அப்படியே: இலியில் ஒரே ஊர். சூ, தலாஸ், இசிக் குல் எல்லாம் ரெபல் கையில், ஆனால் சக யூனிட்களோடு. அப்போதுதான் யூச்சி இலியைப் பிடித்ததும் சகர் தாங்களும் ஹோர்ட் ஆகித் தெற்கே போவார்கள். ஒருவர் தள்ள அடுத்தவர் நகர்வது ஸ்கிரிப்ட் இல்லாமலே நடக்கும்.

புல்வெளி_பயணி:
அதை முயன்றால் யூச்சி ஹோர்ட் இலிக்குப் போகாமல் தர்ஃபானில் உட்கார்ந்துவிடுகிறது. சில சமயம் திரும்பி ஹானையே அடிக்கிறது.

ஸ்கிரிப்ட்_சித்தன்:
ஏஐ ஹோர்ட் பக்கத்தில் இருக்கும் பலவீனமான ஊரைத்தான் தேடும். வரலாறு அதற்குத் தெரியாது, தரையைத்தான் தெரியும். ஆகவே தரையை மாற்றுங்கள். தக்ளமக்கானும் கோபியின் நடுப்பகுதியும் நடக்க முடியாத நிலமாக இருக்கட்டும். ஹாமியிலிருந்து தியான்ஷானுக்கு வடக்கே சுங்காரியா வழியாக இலிக்கு ஒரு பாதை, தெற்கே பாலைவனச் சோலைகள் வழியாக இன்னொன்று. சோலை ஊர்களுக்கு மதிலும் 8 முதல் 10 யூனிட் ரெபல் காவலும். இலிக்கு மரவேலியும் 4 யூனிட்டும்.

அடுத்தது, ஃபேக்ஷன் கோப்பில் முற்றுகைக் கோபுரம் கட்டும் அனுமதியையும் சுரங்கம் தோண்டும் அனுமதியையும் நாடோடிகளுக்கு ‘நோ’ ஆக்குங்கள். மதில் ஊரைச் சுற்றிப்போகும் பழக்கம் அதிலேயே பாதி வந்துவிடும்.

ஹோர்ட் ஊரைப் பிடித்தால் குடியேறியே ஆக வேண்டும் என்றில்லை. கொள்ளையடித்துவிட்டு நடையைக் கட்டவும் செய்யும். அதை முழுசாகத் தடுக்க வழி கிடையாது. நான்கு டெஸ்டில் ஒன்று தடம் மாறினால் அப்படியே விடுங்கள்.

ஆக்சஸ்_கரை:
ஒவ்வொரு முறை ஹோர்ட் ஆகும்போதும் மேக்ஸிமம் குறையும் வரி ஒன்று உண்டே, அதில் 10 வைத்தால் யூச்சிக்கு அநியாயம். அவர்கள் முதலில் கான்சுவிலிருந்து இலிக்கு. 176ல் ஹான் அரசருக்கு எழுதிய கடிதத்தில் யூச்சியை முறித்து லௌலான், வூசுன் உட்பட 26 நாடுகளை அடக்கிவிட்டதாக மொடு சொல்கிறார். அவர் மகன் லாவ்ஷாங் யூச்சி அரசரைக் கொன்று மண்டையோட்டைக் குடிகலமாக்கினார். பிறகு சுமார் 132ல் வூசுன் அவர்களை இலியிலிருந்து துரத்த, ஆக்சஸ் (இன்றைய ஆமு தர்யா) கரைக்குப் போகிறார்கள். இப்படி இரண்டு முறை பெயர்ந்த பிறகும், சுமார் 128ல் ஜாங் சியான் அங்கே ஒன்று முதல் இரண்டு லட்சம் வில்லாளிகள் இருப்பதாகச் சொல்கிறார். குறைப்பு 4 போதும்: 40, 36, 32.

இன்னொன்று, பாக்திரியா யூச்சியின் கையால் மட்டும் சாகவில்லை. அங்கிருந்த கிரேக்க நகரம் அய் கானும் சுமார் 145லேயே அழிந்தது, பாக்திரிய அரசர் யூக்ரடைடிஸ் காலம் முடிகிற சமயம். யூச்சி ஆக்சஸ் பக்கம் வருவதற்கு ஏறத்தாழ 15 வருடம் முன்பு. கிரேக்கரிடமிருந்து பாக்திரியாவைப் பறித்தவர்கள் என்று ஸ்ட்ராபோ சொல்லும் பெயர்கள் நான்கு: அசியோய், பசியனோய், தொகரோய், சகரவுலோய். ஆகவே சகர் ஹோர்ட் முதலில் பாக்திரியாவைத் தட்டி, அடுத்து யூச்சி வந்து உட்கார்ந்தால் அது பிழையே இல்லை.

குதிரைக்குளம்பு:
அப்படியே சகர் மேற்கே இறங்குனா பார்த்தியா கதையும் வரணும். பார்த்திய அரசர் இரண்டாம் ஃப்ராடிஸ், செலூசிட் அரசர் ஏழாம் ஆன்டியோகஸோட சண்டைக்கு சகரைக் கூலிக்குக் கூப்பிட்டாரு. சண்டை முடிஞ்சப்புறம் வந்தாங்க, கூலி கிடையாதுன்னுட்டாரு, அவங்க நாட்டைச் சூறையாட ஆரம்பிச்சாங்க. 128 வாக்குல அந்தச் சண்டையிலயே ஃப்ராடிஸ் காலி, அவர்கிட்ட இருந்த கிரேக்கக் கைதிகளும் சண்டைநடுவுல கட்சி மாறிட்டாங்க. அடுத்து வந்த அர்தபானஸ் தொகாரிகளோட சண்டையில செத்தாரு. இரண்டாம் மித்ரடேட்ஸ் வந்துதான் நிலைமை சரியாச்சு, சகர் சகஸ்தானத்துல ஒதுங்குனாங்க, இன்னைக்கு சீஸ்தான்.

கூலிப்படைக் கோப்புல மார்கியானா, ஹிர்கானியா பூல்ல சக வில்லாளியைச் சேருங்க. விலை 800, நிரம்புறது 0.05லருந்து 0.12, உச்சம் 2, தொடக்கம் 1. பார்த்தியாவோட கஜானா சைபருக்குக் கீழ போற டர்ன்ல ஸ்கிரிப்ட் ஒரு ரெபல் சகப் படையை அந்தப் பக்கமே இறக்கணும்.

ஸ்கிரிப்ட்_சித்தன்:
நல்ல யோசனை. ஆனால் அந்த மானிட்டர் (நிபந்தனையைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் பகுதி) முடிவில் அதை நிறுத்தும் டெர்மினேட் வரி போட மறந்தால், கஜானா காலியாக இருக்கும் ஒவ்வொரு டர்னிலும் படை முளைக்கும். இரண்டு வருடத்தில் ஹிர்கானியா முழுக்க சகர்தான். படை இறங்கும் கட்டம் ஊர் மேலோ, ஆற்றின் மேலோ, இன்னொரு படை மேலோ இல்லாமல் பாருங்கள். கேம்பெய்ன் ஸ்கிரிப்டை மாற்றிவிட்டுப் பழைய சேவ் கேமைத் திறந்து ‘வேலை செய்யலையே’ என்று இழைக்கு இழை கேட்பவர்கள் கவனிக்க: புதிய கேம்பெய்ன் தொடங்கினால்தான் மாற்றம் வரும்.

வில்லும்வேலும்:
மாடல் வேலை பார்க்கிறேன். யூனிட் வேறுபாடு பற்றி.

முதலில் அகற்ற வேண்டியது அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்). அடிப்படை கேமின் மங்கோலியர் மாடல்களை எடுத்து நிறம் மாற்றியிருக்கிறீர்கள், எல்லாக் குதிரையிலும் அங்கவடி தொங்குகிறது. இந்தக் காலத்தில் எங்கேயும் கிடையாது. தலைக்கவசமும் 13ஆம் நூற்றாண்டுப் பாணி.

வில் இரண்டு வகை வேண்டும். சகருக்கும் பார்த்தியாவுக்கும் குட்டையான சித்திய வில், இடுப்பில் வில்லும் அம்பும் சேர்ந்த கோரிட்டஸ் உறை. அம்பு நுனி மூன்று இதழ் வெண்கலம், குழாய் போல் தண்டில் செருகுவது. சியோங்னுவுக்கு நீண்ட வில், கைப்பிடியிலும் இரு முனைகளிலும் எலும்புப் பட்டை பதித்தது, அம்பு நுனி பெரிய இரும்பு, தண்டுக்குள் இறங்கும் வால் கொண்டது. கேம் மதிப்பாக: சித்திய வில் தூரம் 100, அம்பு 40, தாக்குதல் 5. சியோங்னு வில் தூரம் 125, அம்பு 28, தாக்குதல் 7. முன்னது மழை போல் பொழியும், பின்னது கவசத்தைச் சோதிக்கும். நீண்ட வில்லை மேற்கே எல்லாருக்கும் 209லேயே கொடுத்தால் சியோங்னுவின் சிறப்பே போய்விடும். யூச்சிக்கு இலியைத் தாண்டிய பிறகு ஒரு கட்டிட மேம்பாட்டில் கொடுக்கலாம்.

கவசக் குதிரை: மசாகெட்டேகள் குதிரையின் மார்புக்கு வெண்கலக் கவசம் போட்டதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார், அவர்களிடம் இரும்பும் வெள்ளியும் இல்லை என்றும் சொல்கிறார். ஆகவே ஆரல் கடற்கரைச் சகருக்குத் தொடக்கத்திலேயே ஒரு கனரக யூனிட் நியாயம். யூச்சி பிரபுக்களுக்கு பாக்திரியப் பகுதியில் கிடைத்த கால்சயான் சிற்பங்களைப் பாருங்கள். சமர்கந்துக்கு அருகே கிடைத்த ஓர்லாத் எலும்புத் தகடுகளில் கழுத்தை மறைக்கும் உயர்ந்த காலர் கவசம் தெளிவாக இருக்கிறது, ஆனால் அவற்றின் காலம் பற்றிச் சண்டை ஓயவில்லை. நான் அதைக் கடைசிக்கட்ட யூனிட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். கவசக் குதிரை எல்லாவற்றுக்கும் வெப்பச் சோர்வு 5, மணலில் கழித்தல் 2. இல்லாவிட்டால் மெர்வ் பாலையில் மதிய வெயிலில் மூன்று முறை பாய்ந்துவிட்டு அலட்டாமல் நிற்பார்கள்.

கசக்ஸ்தானின் இசிக் குர்கானில் (புதைமேட்டில்) கிடைத்த தங்க மனிதனை சகத் தளபதிக்குப் போர்க்கவசமாக மாட்டியிருப்பதைக் கண்டேன். அது பிணத்துக்கு அணிவித்த சடங்கு உடை, மெல்லிய தங்கத் தகடு. கேம்பெய்ன் மேப்பில் நிற்கும் உருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், போர்க்களத்தில் வேண்டாம். கூர்த்தொப்பியும் எல்லாச் சகருக்கும் உரியதில்லை. ஈரானின் பெஹிஸ்துன் பாறையில் சங்கிலியோடு நிற்கும் ஸ்குன்கா கூர்த்தொப்பிச் சகர்களின் தலைவன், பழைய பாரசீக அரசர்களான அகாமனிடுகளே அவர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்துத்தான் எழுதினார்கள். ஒரு யூனிட்டுக்கு மட்டும் போதும்.

புல்வெளி_பயணி:
தாயுவானுக்குக் குதிரை வளம் வைத்தேன். ஹான் ஏஐ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனிதர் ஆடினால் 20 யூனிட்டோடு நேராக நடந்துபோய் எடுத்துவிடுகிறார். அந்தக் குதிரைகளுக்காகப் படையெடுத்த ஹான் தளபதி லி குவாங்லி பட்ட பாட்டை யாரும் படவில்லை.

ஆக்சஸ்_கரை:
அந்தப் பாடுதான் அந்தப் போரே. 104ல் முதல் படை: 6000 குதிரை வீரரும் பல்லாயிரம் அடங்காத இளைஞர்களும். வழியிலிருந்த சோலை ஊர்கள் கதவை அடைத்துக்கொண்டு சோறு தரவில்லை, பசியிலேயே கரைந்து திரும்பினார்கள். இரண்டாவது முறை 60,000 பேர், 30,000 குதிரை, 1,00,000 மாடு, அதுபோகக் கழுதையும் ஒட்டகமும். தலைநகருக்கு நீர் வரும் வழியைத் திருப்பி 40 நாளுக்கு மேல் முற்றுகை. கிடைத்தது உயர்ந்த குதிரை சில டஜன், நடுத்தரமும் அதற்குக் கீழும் 3000. 101ல் ஹான் எல்லையான ஜேட் வாயிலுக்குள் திரும்பியவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர்.

ஆகவே தூரத்துக்கு விலை வேண்டும். எஞ்சினில் தானாகப் படை தேயும் வசதி இல்லை. எதிரி நிலத்தில் டர்ன் முடிக்கும் ஹான் தளபதிக்கு ஒரு பட்டினி ட்ரெய்ட் (தளபதியோடு ஒட்டிக்கொள்ளும் குணம்) வையுங்கள்: 2 டர்னில் முதல் படி, நகர்வு 10% குறைவு, 4 டர்னில் இரண்டாம் படி, படையின் மன உறுதி கழித்தல் 2, 6 டர்னில் கழித்தல் 4. சோலை ஊர் ஒன்றுக்குள் டர்ன் முடித்தால் ட்ரெய்ட் அழியட்டும். வழியில் ஊர்களைப் பிடித்துக்கொண்டே போகவேண்டிய கட்டாயம் தானாக வரும். தாயுவான் தலைநகரை மிகப் பெரிய நகரமாக வைக்காதீர்கள். ஊரின் தரம் ஏற ஏற முற்றுகை தாங்கும் டர்னும் ஏறும். வலுவான மதில், நடுத்தரத் தரம், அதுதான் பொருத்தம்.

குதிரைக்குளம்பு:
யூச்சிகள்ல இருந்து பின்னாடி எழுந்த குசானரை எப்படி வைக்கிறது? ஐந்து யப்குவுக்கும் (யூச்சி சிற்றரசர்) ஐந்து ஃபேக்ஷன்னு ஒரு கோப்புல பார்த்தேன்.

ஆக்சஸ்_கரை:
வேண்டாம். குஜுல கட்ஃபிசஸ் மற்ற நால்வரையும் அடக்குவது கி.பி. முதல் நூற்றாண்டு. 209லிருந்து எண்ணினால் 400 டர்னுக்கு மேல். யூச்சி பாக்திரியாவில் 5 ஊர் வைத்திருந்தால், ஊர்த் தலைவர்களுக்கு யப்கு பட்டம் துணைப்பட்டமாகக் கிடைக்கட்டும்: விசுவாசம் கழித்தல் 1, குதிரைப்படைத் தலைமை கூட்டல் 1. அதுவே போதும்.

வில்லும்வேலும்:
சியோங்னு பதவிகளுக்கும் அதே வழி. 24 தலைவர்கள், ஒவ்வொருவரும் பெயரளவில் பத்தாயிரம் குதிரைக்குத் தலைவர். இடது ஞான மன்னர் பட்டம் வாரிசுக்கு, அவர் கிழக்கே. வலது ஞான மன்னர் மேற்கே. இந்த இரண்டு பட்டத்தையும் அந்தந்தப் பிராந்தியத்தில் இருந்தால்தான் பலன் தரும்படி பூட்டுங்கள், இல்லாவிட்டால் எல்லாத் தளபதியும் ஒரே படையில் குவிந்துவிடுகிறார்கள்.

ஸ்கிரிப்ட்_சித்தன்:
ஹானுடன் உறவுக்கு: 200ல் பைதெங்கில் ஹான் பேரரசர் காவ்சு சியோங்னுவின் 7 நாள் முற்றுகையில் மாட்டினார், 198ல் ஹெசின் (மண உறவுச் சமாதான) ஒப்பந்தம், ஆண்டுதோறும் பட்டும் மதுவும் தானியமும். அதைத் தேதியில் கட்ட வேண்டாம், ஒர்டோஸில் கட்டுங்கள். சியோங்னு கையில் ஒர்டோஸ், ஹானோடு சமாதானம் என்ற இரண்டும் இருந்தால் குளிர்கால டர்னில் மட்டும் ஹானிடமிருந்து 1500 எடுத்து சியோங்னுவுக்குக் கொடுங்கள். எடுப்பதையும் கொடுப்பதையும் ஒரே மானிட்டரில் எழுதுங்கள். தனித்தனியாக எழுதியிருந்த ஒரு கோப்பில் போர் தொடங்கிய பிறகும் ஹான் பணம் கட்டிக்கொண்டே இருந்தது.

புல்வெளி_பயணி:
யூச்சி ஒரே ஊர், சகர் ஒரே ஊர், குறைப்பு 4, பட்டினி ட்ரெய்ட் எல்லாம் சேர்த்து அடுத்த பில்டைப் போடுகிறேன். சியோங்னு முதலில் யூச்சியை அடிக்காமல் வடக்கே இருக்கும் ரெபல் ஊர்களையே பிடித்துக்கொண்டிருந்தால்?

ஸ்கிரிப்ட்_சித்தன்:
தொடக்கக் கோப்பில் சியோங்னுவையும் தோங்ஹுவையும் போரில் வையுங்கள், யூச்சியோடு உறவை மிக மோசமாக வையுங்கள், ஆனால் போர் வேண்டாம். தோங்ஹு விழுந்த அடுத்த டர்னில் ஸ்கிரிப்ட் யூச்சி மேல் போரை அறிவிக்கட்டும். வடக்கு ரெபல் ஊர்களின் காவலை 7 யூனிட்டுக்கு ஏற்றுங்கள். மேப்பை மறைக்கும் மூடுபனியை நீக்கி 80 டர்ன் ஓடவிட்டு, ஹோர்ட் கிளம்பிய டர்ன் எண்ணைக் குறித்துப் போடுங்கள். 66ஆவது டர்ன் என்றால் கி.மு. 176. அதற்கு 15 டர்ன் முன்பின் இருந்தால் கை வைக்காதீர்கள். 30ஆவது டர்னிலேயே கிளம்பிவிட்டால் யூச்சி ஊரின் மதிலை ஒரு படி ஏற்றுங்கள், மக்கள்தொகையைத் தொட வேண்டாம். அதைத் தொட்டால் 36 யூனிட் கணக்கு கெட்டுவிடும்.